சுங்கானுக்கு ஏற்ற நெருப்பு

(புதுச்சேரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பைப் (சுங்கான்) பிடிக்க வாருங்கள் என்று யாரையும் அழைக்க நான் இங்கே நிற்கவில்லை. 'நாங்கள் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயோடு சரி' என்று பைப்காரர்கள் சொல்வது தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம். உதட்டிலும் நாக்கிலும் தொண்டையிலும் புற்று வருவதற்கு அந்த 'வாயோடு சரி'யே போதும். பழகாதவர்கள் இன்றைய பேச்சை ஒரு கைப்பொருளின் கதையாகக் கேட்டுவிட்டுப் போங்கள். ஆனால் பழகியவர்கள் இந்த ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா (பழைய சிப்பாய்) வீடுகளில் இருக்கிறார்கள், பழைய வாத்தியார்களில் இருக்கிறார்கள், மூன்று மாதம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்து முப்பது வருடமாகக் குடியிருக்கும் வெள்ளைக்காரர்களில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதுதான் இன்றைய தலைப்பு: பைப் பற்றவைக்க, கையைக் கடிக்காத விலையில் எந்த லைட்டர் வாங்கலாம்?

பழைய தமிழ்ப் படங்களில் பணக்கார அப்பா என்றால் பட்டு கவுன் போட்டுக்கொண்டு, வாயில் பைப்போடு மாடிப்படி இறங்கி வருவார். மகளின் காதலை எதிர்ப்பார், மானேஜரைத் திட்டுவார், உயிலை மாற்றுவார். அந்த பைப்பை அவர் பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை. இயக்குநர்கள் புத்திசாலிகள். பைப் பற்றவைக்கிற வேலையை உள்ளபடி படம் பிடித்தால் காட்சி நகராது, வசனம் ஆறிப்போகும்.

ஏன் அவ்வளவு நேரம்? சிகரெட்டுக்கு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நெருப்பை அதன் முன்னால் காட்டினால் போதும். பீடியும் சுருட்டும் அப்படியே. பைப்பில் புகையிலை ஒரு கிண்ணத்துக்குள், விளிம்புக்குக் கீழே கிடக்கிறது. நெருப்பின் குணமோ மேலே போவது. இங்கே அது கீழே இறங்க வேண்டும். கிண்ணத்தின் வாய்க்கு மேலே சுடரைப் பிடித்து, நிதானமாக உறிஞ்சி, அந்தச் சுடரை உள்ளே வளைத்து இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் இழுத்தால் அங்கே மட்டும் குழி விழும். ஆகவே வட்டமாகச் சுற்ற வேண்டும். முதல் தடவை பற்றவைத்ததும் புகையிலை பூரி மாதிரி உப்பி எழும். அதை அமுக்குக் கம்பியால் மெல்ல அழுத்தி, மறுபடி பற்றவைக்க வேண்டும். இரண்டாவதுதான் உண்மையான பற்றவைப்பு. அதோடும் முடிவதில்லை. பாதியில் அணையும், திரும்பப் பற்றவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரத்தைப் புகையிலை குடித்துவிடும். அப்போது இன்னும் இரண்டு முறை கூடும்.

எனவே பைப்காரனின் தேவை மூன்று விஷயங்களில் சிகரெட்காரனிடமிருந்து மாறுபடுகிறது. சுடர் பக்கவாட்டில் அல்லது சாய்வாக வர வேண்டும். மென்மையாக, மஞ்சளாக, வளைந்துகொடுக்கிற சுடராக இருக்க வேண்டும். பத்து விநாடிக்கு மேல் எரிந்தாலும் கட்டைவிரல் வேகக் கூடாது. லைட்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியது இவ்வளவுதான். நிறமும் பளபளப்பும் மேலே செதுக்கிய சிங்கமும் விற்பவருடைய கவலை.

இந்த மூன்றுக்கும் பொருந்துகிற மிக மலிவான பொருள் எது தெரியுமா? தீப்பெட்டி. சிரிக்காதீர்கள், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலை 2 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்றிருந்தது. விலையை ஏற்றியபோது பெட்டிக்குள் 36 குச்சிக்குப் பதில் 50 குச்சி என்றார்கள். அப்படியானால் ஒரு குச்சி 4 காசு. ஒரு பைப்புக்கு ஐந்து குச்சி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்: 20 காசு. நாளைக்கு இரண்டு பைப் என்றால் ஆண்டுக்கு 3,650 குச்சி, 73 பெட்டி, 146 ரூபாய். இதை வெல்லக்கூடிய லைட்டரைக் கடையில் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

மலிவு மட்டுமல்ல, குச்சிக்கு வேறு நல்ல குணங்களும் உண்டு. சாய்த்தால் சாயும், உறிஞ்சினால் சுடர் வளையும், வேலை முடிந்ததும் தானே அணையும். ஒரே ஒரு எச்சரிக்கை: உரசியவுடன் கிண்ணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன. அவை எரிந்து முடிந்து, சுடர் மரத்துக்கு இறங்கும் வரை இரண்டு எண்ணுங்கள். இல்லாவிட்டால் முதல் இழுப்பே தீபாவளி மத்தாப்பு மணக்கும். மெழுகு தோய்த்த காகிதக் குச்சிகளும் நம் தென்மாவட்டங்களில் செய்கிறார்கள். அவற்றை பைப்புக்கு நான் சொல்லமாட்டேன். மெழுகு சொட்டும், புகையிலையில் அதன் வாடை தங்கும்.

ஆக, வீட்டுக்குள்ளே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பிடிப்பவருக்கு லைட்டரே வேண்டாம். பிரச்சினை வாசலைத் தாண்டியதும் தொடங்குகிறது. மாலை நாலு மணிக்கு மேல் கடற்கரைச் சாலைப் பக்கம் போய் ஒரு குச்சியை உரசிப் பாருங்கள். வங்கக்கடல் உங்கள் 4 காசை ஒரு நொடிகூட விட்டுவைக்காது. அப்போதுதான் லைட்டர் தேவைப்படுகிறது.

லைட்டருக்கு முன்பும் காற்றுக்கு அஞ்சாத நெருப்பு நம்மிடம் இருந்தது. பெட்டிக்கடைத் தூணில் தொங்கும் தேங்காய் நார்க்கயிறு. நுனியில் கங்கு கனன்றுகொண்டே இருக்கும்; பீடி வாங்குகிறவர் ஒருமுறை ஊதிவிட்டு நுனியை வைத்து இழுத்துக்கொண்டு போவார். காசு கிடையாது, மழைச் சாரலுக்கும் அது எளிதில் அணையாது. இப்போது அந்த இடத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஒரு லைட்டர் தொங்குகிறது. கயிறு பைப்புக்கு உதவாது. கங்குக்குச் சுடர் இல்லை, கிண்ணத்துக்குள் இறங்காது. ஆனாலும் நார்க்கயிற்றைப் பற்றிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. லைட்டரின் உள்ளே இருக்கும் கல்லின் கதையும் தேங்காய் நாரோடுதான் நம் கரைக்கு வந்து சேர்கிறது.

லைட்டர் கல் என்று நாம் சொல்வது மலையில் வெட்டியெடுத்த கல் அல்ல. செரியம் முதலிய உலோகங்களை இரும்போடு உருக்கிச் செய்த கலவை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுயர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முந்தைய புகழ் வேறொன்றால் வந்தது: நம் கல்யாண வீடுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் வெள்ளையாக ஒளிர்ந்ததே, அந்த மாண்டில் வலையை உண்டாக்கியவர் அவர்தான். அந்த வலைக்குத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட் மணலிலிருந்து வருகிறது. தோரியத்தை எடுத்துக்கொண்ட பிறகு செரியம் குப்பையாக மலைபோல் குவிந்தது. அதை என்ன செய்வது என்று யோசித்த மூளையிலிருந்து வந்ததுதான் லைட்டர் கல். விளக்குக்காரர் தூக்கி எறிய வேண்டிய மிச்சம் புகைக்காரனின் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது.

சரி, தேங்காய் நார் எங்கே வந்தது? 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். நார் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு கடற்கரைக்கே வந்துவிட்டார். அதையடுத்து மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். அந்த மணல் இன்றும் அங்கே எடுக்கப்படுகிறது. அதனால் மீனவக் கிராமங்களில் எழும் எதிர்ப்பும் இன்றும் இருக்கிறது. அது தனியாக ஒரு மாலை பேச வேண்டிய விஷயம். இன்றைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: கட்டைவிரலால் சக்கரத்தைத் தேய்க்கும்போது தெறிக்கிற பொறி, நம் தென்கோடியில் கிடக்கும் மணலின் இனத்தைச் சேர்ந்தது.

சமையலறை கேஸ் லைட்டரை நினைத்துச் சிலர் குழம்பக்கூடும். அதில் கல் கிடையாது. படிகத்தை ஓங்கித் தட்டினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று கூரி சகோதரர்கள் ஜாக்கும் பியரும் 1880-ல் பாரிசில் கண்டறிந்த தத்துவம்தான் உள்ளே இருக்கிறது. அது பொறி மட்டும் தரும், சுடர் தராது. அடுப்பின் கேஸ் அந்தப் பொறியைப் பிடித்துக்கொள்ளும், புகையிலை பிடித்துக்கொள்ளாது. இதே ஏற்பாட்டைச் சிறிதாக்கிச் சட்டைப்பை லைட்டரிலும் வைக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வருமே, அது. என் சிபாரிசு கல் வைத்த சக்கரத்துக்குத்தான். கல் தீர்ந்தால் சில ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். 'டக்' பழுதானால் லைட்டரே போயிற்று.

இனி விலைக்கு வருவோம். லைட்டரின் விலையைக் கடைக்காரர் மட்டும் நிர்ணயிப்பதில்லை. நூறு வருடத்துக்கு மேலாக அரசாங்கங்களும் சேர்ந்துதான் நிர்ணயிக்கின்றன. நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களிடமிருந்தே தொடங்கலாம். பிரான்சில் 1872 முதல் தீக்குச்சி அரசின் ஏகபோகம். குச்சி சரியாகப் பற்றாது என்று நாடு முழுக்கக் கேலி பேசினார்கள். ஆனால் வேறு குச்சி வாங்க வழியில்லை. அப்போது வந்து சேர்ந்தது அவுயரின் கல்லை வைத்த லைட்டர். குச்சி வருமானம் போய்விடுமே என்று கஜானா பதறியது. 1910 கடைசியில் லைட்டருக்கு வரி போட்டார்கள். வரி கட்டிய லைட்டரின் உடம்பில் ஒரு குட்டி உலோக முத்திரையைப் பதித்துக் கொடுத்தார்கள். முதல் உலகப்போரில் பதுங்கு குழிக்குள் கிடந்த சிப்பாய்கள் தோட்டா உறைகளை வெட்டி, திரியும் சக்கரமும் வைத்துத் தாங்களே லைட்டர் செய்துகொண்டார்கள். அதில் எவன் முத்திரை குத்துவான்! நம் கடற்கரையில் போர் நினைவுச்சின்னம் நிற்கிறதே, அந்தப் போரில்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சியிலும் இதே கதை நடந்தது. 1934-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இயந்திர லைட்டருக்கும் தனியாக ஒரு வரிச் சட்டம். குச்சிக்கு வரி போட்டதும் மக்கள் லைட்டருக்குத் தாவிவிடக் கூடாதே, அதற்காக. அந்தச் சட்டம் எல்லையிலுள்ள கோரிமேட்டோடு நின்றுவிடும். இந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடி. 1941-ல் இரண்டு அரசுகளும் சுங்க ஒப்பந்தம் செய்துகொண்டன, 1949-ல் அது முறிந்தது. அதன் பிறகு 1954 நவம்பர் வரை இந்த ஊருக்குள் வெளிநாட்டுச் சாமான் எப்படி வந்து எப்படி வெளியேறிற்று என்று கேட்டால் நம் தாத்தாக்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை மாற்றுவார்கள்.

இப்போது அண்மைக்காலம். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதிலிருந்து வளர்ந்த தொழில் கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை, எட்டயபுரம், வடக்கே குடியாத்தம் என்று பரவியது. வானம் பார்த்த அந்த பூமியில், பெண்களின் கையில் வாரக்கூலி என்று ஒன்று வருவதற்கு இந்தச் சின்னப் பெட்டி ஒரு முக்கிய காரணம். குழந்தைகளின் கைகளும் நெடுங்காலம் அதில் வெந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலுக்கு எதிரே வந்து நின்றது பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர். 2022 செப்டம்பரில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் லைட்டர்களைத் தடைசெய்யுங்கள் என்பது கோரிக்கை. 2023 ஜூன் இறுதியில் மத்திய அரசின் அறிவிக்கை வந்தது: சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி எல்லாம் சேர்த்து ஒன்று 20 ரூபாய்க்குக் குறைவாக அடங்கும் லைட்டர்களை இறக்குமதி செய்யக் கூடாது. உடனே உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டுகிற வேலை பெருகியது. 2024 அக்டோபரில் உதிரிபாகத்துக்கும் தடை வந்தது.

எறிகிற லைட்டரைத் தடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. மழை விட்டதும் நம் பெரிய வாய்க்காலில் மிதப்பதில் எத்தனை லைட்டர் என்று ஒருநாள் நின்று பாருங்கள். ஆனால் அறிவிக்கையை ஊன்றிப் படித்தால் ஒரு குறை தெரியும். அது லைட்டரின் விலையைப் பார்க்கிறது, ஆயுளைப் பார்க்கவில்லை. கேஸ் நிரப்பக்கூடியது, நிரப்ப முடியாதது இரண்டுக்கும் ஒரே கோடு. அடியில் வால்வு வைத்து, கல் மாற்றி, ஐந்து வருடம் ஓட்டக்கூடிய எளிய லைட்டர் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அதுவும் வாசலோடு திரும்ப வேண்டும். 22 ரூபாய்க்கு வந்து இரண்டு மாதத்தில் குப்பைக்குப் போகிற லைட்டருக்குக் கதவு திறந்திருக்கிறது. தீப்பெட்டித் தொழிலாளியின் கூலியைக் காக்க வேண்டும். அதே வேகத்தில் வால்வு உள்ள லைட்டருக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கலாம். 2022 ஜூலையில் தடைசெய்த ஒருமுறைப் பிளாஸ்டிக் பட்டியலில் காது குடையும் குச்சி இருந்தது, லைட்டர் இல்லை. அந்தப் பட்டியலில் 'நிரப்ப முடியாத லைட்டர்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் வேலை இன்னும் சுத்தமாக முடிந்திருக்கும்.

சரி, கடைக்குப் போவோம். நேரு வீதியோ ரங்கப்பிள்ளை வீதியோ, பெரிய மார்க்கெட் பக்கமோ, எங்கே போனாலும் நான்கு வகை கண்ணில் படும்.

முதல் வகை சாதாரண எறி லைட்டர். பைப்புக்காக இதைத் தலைகீழாகச் சாய்க்க வேண்டியிருக்கும். சாய்த்தவுடன் சுடர் திரும்பி, உலோக மூடியைச் சுட்டு, கட்டைவிரலைத் தேடி வரும். இரண்டாம் பற்றவைப்புக்குள் மூடி காய்ந்துவிடும், பிளாஸ்டிக் இளகும். அவசரத்துக்கு மட்டும்.

இரண்டாவது ஜெட் லைட்டர். நீலச் சுடர், சீறுகிற சத்தம், காற்றுக்கு அசையாது. பார்த்ததும் நம் கடற்கரைக்கு இதுதான் சரி என்று தோன்றும். உறையூர் சுருட்டுப் பிடிப்பவர் வாங்கட்டும். பைப்காரர் கிட்டே போகாதீர்கள். அந்தச் சுடரின் வெப்பம் ஆயிரம் டிகிரிக்கு மேல். உறிஞ்சினால் வளையாது, நேராகக் குத்தும். பைப் கிண்ணம் பிரையர் என்கிற மத்தியதரைக்கடல் செடியின் வேர்க்கட்டையில் கடைந்தது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் சேன்-குளோத் என்னும் சிற்றூர் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலால் பேர் வாங்கியது. அங்கே ஒருவர் பொறுமையாகக் கடைந்த விளிம்பை இந்த ஜெட் இரண்டு மாதத்தில் கரியாக்கிவிடும். போதாததற்கு, புகையிலையும் மேலே கருகிக் கசக்கும், கேஸும் குடம் குடமாகக் குடிக்கும்.

மூன்றாவது பெட்ரோல் லைட்டர், அதாவது திரியும் பஞ்சும் வைத்தது. இதில் ஜிப்போவை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் ஜார்ஜ் பிளெய்ஸ்டெல் 1933-ல் விற்கத் தொடங்கினார். பைப்புக்கென்றே ஒரு மாதிரி உண்டு. சுடரைச் சுற்றியுள்ள காற்றுக்கூண்டின் பக்கத்தில் வட்டமாக ஒரு துளை இருக்கும். கூண்டைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து உறிஞ்சினால் சுடர் துளை வழியே உள்ளே இறங்கும். கடற்காற்றுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு குறைவு. ஆனால் அசல் வாங்கினால் ஆயிரக்கணக்கில் போகும், 'கையைக் கடிக்காத' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து அடிக்க வேண்டியிருக்கும். அதோடு நம் வெயிலில் எரிபொருள் ஆவியாகிப்போகும். நிரப்பி வைத்துவிட்டு ஒரு வாரம் தொடாமல் இருந்தால் பஞ்சு காய்ந்திருக்கும். சுடரை இரண்டு மூன்று விநாடி எரியவிட்டுப் பிறகு பைப்புக்குக் கொண்டுபோனால் எண்ணெய் வாடை குறையும், முழுவதும் போகாது.

நான்காவதுதான் நான் கை காட்ட வந்தது. கேஸ் நிரப்பும் வால்வு, கல் வைத்த சக்கரம், பக்கவாட்டில் சாய்ந்து வரும் மஞ்சள் சுடர். பெரும்பாலும் உடம்போடு ஒரு அமுக்குக் கம்பியும் மடங்கியிருக்கும். ஜப்பான்காரரின் 'ஓல்டு பாய்' போன்ற பேர் பெற்ற லைட்டர்கள் இந்த அமைப்பின் உச்சம்; அவற்றை நம் பேச்சின் எல்லைக்கு வெளியே விட்டுவிடுவோம். அதே அமைப்பில் பேர் இல்லாத எளிய லைட்டர்கள் இருக்கின்றன. கையில் எடுத்ததும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே மூன்று இருக்க வேண்டும்: நடுவில் வால்வு, சுடரைக் கூட்டிக் குறைக்கும் திருகு, கல்லுக்கான தனித் திருகாணி. மூன்றாவது இல்லாவிட்டால் கல் தீரும் நாள்தான் லைட்டரின் கடைசி நாள். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள், சுடர் லைட்டர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2023-ல் வந்தது. அதற்கு அடிப்படையான சர்வதேசத் தரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கும் சோதனையும், 65 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் விரியும் சந்தையில் எப்போதாவது பழைய லைட்டர் கிடைக்கலாம் என்று தேடுகிறவர்கள் உண்டு. திரி வைத்த பெட்ரோல் லைட்டர் என்றால் தைரியமாக வாங்குங்கள். பஞ்சும் திரியும் கல்லும் மாற்றினால் பேரன் காலம் வரை ஓடும். பழைய கேஸ் லைட்டர் என்றால் யோசியுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருக்கும். நிரப்பிய கேஸ் அன்று ராத்திரியே போய்விடும், எங்கே போயிற்று என்பதுதான் கவலை.

வாங்கியதைப் பராமரிப்பதில் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. இதோ இந்த லைட்டரைப் பாருங்கள், விளக்குக்குக் கீழே கொண்டுவருகிறேன். அடித் திருகாணியை மெல்லத்தான் கழற்ற வேண்டும். அதன் முனையில் இரண்டு விரற்கடை நீளச் சுருள்கம்பி அமுங்கிக் கிடக்கிறது. சட்டென்று விட்டால் அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கம்பி வெளியே வந்ததும் குழலைக் கவிழ்த்துத் தட்டினால் மிச்சக் கல் விழ வேண்டும். விழவில்லை, பார்த்தீர்களா? உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி அடைந்திருக்கிறது. இது அழுக்கல்ல, கல்லேதான். செரியத்துக்கு ஈரமும் உப்பும் ஆகாது. கடற்காற்று படும் வீட்டில் ஆறு மாதம் சும்மா போட்டு வைத்தால் கல் பூத்து, உப்பி, குழலை அடைத்துக்கொள்ளும். 'லைட்டர் செத்துப்போச்சு' என்று தூக்கிப்போடுகிறவர்களில் பலருடைய லைட்டர் சாகவில்லை, அதற்கு மூச்சடைத்திருக்கிறது. மெல்லிய துளையிடும் கம்பியை விரலாலேயே திருப்பித் திருப்பிச் சுரண்டுங்கள். எந்திரம் வைத்துக் குடையாதீர்கள், பித்தளைக் குழல் கிழிந்துவிடும். பொடி முழுதும் வந்ததும் ஊதிவிட்டுப் புதுக் கல்லைப் போடுங்கள். ஊருக்குப் போகிறீர்கள், நெடுநாள் தொடமாட்டீர்கள் என்றால் கல்லைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டுப் போங்கள்.

கேஸ் நிரப்புவதிலும் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். சுடர்த் திருகைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். வால்வை ஒரு குச்சியால் அமுக்கி, உள்ளே இருக்கும் பழைய காற்றை வெளியேற்றுங்கள். லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ் குப்பியை அதன்மேல் செங்குத்தாக, சாயாமல் அழுத்துங்கள். லைட்டரை முன்பே குளிர வைத்திருந்தால் கேஸ் சீக்கிரம் இறங்கும். நிரப்பியதும் உடனே சக்கரத்தைத் தேய்க்காதீர்கள். சிந்திய கேஸ் கலைய ஐந்து நிமிடமாவது கொடுங்கள். சமையலறையிலோ பூஜை அறையிலோ இந்த வேலை வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கிற, விளக்கெரியாத இடம் போதும். ஒரு குப்பி சில நூறு ரூபாய் ஆகலாம்; பைப்காரருக்கு அது மாதக்கணக்கில் வரும்.

கத்திரி வெயிலில் இன்னொரு கவனம். பியூட்டேன் 20 டிகிரியில் சுமார் இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது. 40 டிகிரியில் அது நான்கை நெருங்குகிறது. மார்கழியில் சரியாக வைத்த சுடர் வைகாசியில் மூக்கைத் தொடும். மாதம் பிறந்ததும் திருகைச் சரிபாருங்கள். ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலும் மூடிய கார் முகப்பிலும் லைட்டரை வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள்; அங்கே சூடு 40-ஐ எப்போதோ தாண்டிவிடும்.

கடைசியாக, பாரிசில் உறவுக்காரர் இருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று. இந்த அரங்கில் பாதிப்பேர் அப்படித்தான் என்று தெரியும். மச்சான் வரும்போது ஒரு நல்ல லைட்டர் கொண்டுவரட்டும் என்று சொல்லி அனுப்பாதீர்கள். கேஸோ பெட்ரோலோ நிரப்பிய லைட்டரைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தில் அனுப்பப் பொதுவாக இடமில்லை. நம் நாட்டு விமான நிலையங்களில் கையோடு எடுத்துப்போகவும் விடமாட்டார்கள். சோதனை மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் கைவிடப்பட்ட லைட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். மச்சானிடம் வேறு ஏதாவது கேட்டுக்கொள்ளுங்கள். பைப் லைட்டரை இங்கேயே, அடிப்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் இருக்கும் நேரத்துக்குக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஒன்றும் இருக்கட்டும்.

நான் கொண்டுவந்த நான்கு லைட்டர்களும் மேசைமேல் இருக்கின்றன. எடுத்துப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். நான்கிலும் கேஸும் எண்ணெயும் இல்லை. அரங்கத்துக்குள் புகைக்கத் தடை இருப்பதால் பைப் பற்றவைத்துக் காட்டும்படி கேட்கிற நண்பர் மட்டும் மன்னிக்க வேண்டும்.